மூடிய பெட்டிக்குள் விளையாட்டுச் சாமான் வைக்கலாமா?

கேள்வி, ஜூன் 3

வீட்டில் ஆளுக்கொரு விளையாட்டு. கிரிக்கெட் கிட், ஷட்டில் ராக்கெட், புட்பால், சைக்கிள் ஹெல்மெட், நீச்சல் உடை, ஒரு டென்ட். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. இறுக்கமான மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி, ஆடிவிட்டு வந்ததும் முடிந்ததை எல்லாம் மெஷினில் போட்டு, மற்றதைத் துடைத்து, உள்ளே அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன். தூசி படாது, பூச்சி போகாது, நாற்றமும் வெளியே வராது. இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?

ஜூன் 3, இரவு

இருக்கிறது. நாற்றம் வெளியே வராது என்றால் உள்ளேயே தங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். வியர்வை சுரக்கும்போது அதற்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலிலும் துணியிலும் இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் அந்த வாடை கிளம்புகிறது. அதற்கு ஈரம் வேண்டும், கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும், காற்றோட்டம் இல்லாமல் இருந்தால் இன்னும் வசதி. இறுக்கமான பெட்டியில் மூன்றும் கிடைக்கும்.

நான் பார்த்தவரை இந்தச் சாமான்கள் அழுக்கால் வீணாவது குறைவு. பாதி காய்ந்ததை உள்ளே வைப்பதாலும், சீக்கிரம் காயட்டும் என்று சூடு காட்டுவதாலும்தான் அதிகம் வீணாகின்றன. வந்ததும் பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். துடைத்துக் காற்றில் விடுங்கள். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், ஈரம் இல்லை என்றால் எடுத்து வையுங்கள். பெட்டியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மெஷினைப் பொறுத்தவரை, உங்கள் சாமான்களில் ஜெர்சி, காலுறை, துண்டு தவிர வேறு எதையும் அதில் போடாதீர்கள்.

ஜூன் 4, காலை

முதலில் கிட் பேக். கிளவுஸை முகர்ந்துவிட்டு கிளவுஸைக் குறை சொல்வோம், பல சமயம் நாறுவது பைதான். அடி மூலையில் புல், மண், போன வாரத்துக் காலுறை ஒன்று. பையைக் கவிழ்த்து உதறி, உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, எல்லா ஜிப்பையும் திறந்துவிட்டு ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். இதை ஒழுங்காகச் செய்தாலே பாதி வாடை போய்விடும்.

அடுத்தது பேட்டிங் கிளவுஸ். உள்ளங்கைப் பக்கம் தோல். வியர்வை காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூத்து, தோல் விறைத்துவிடும். அடுத்த முறை கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது மடிப்பு விழுகிற இடத்திலேயே, அதாவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, விரிசல் விடத் தொடங்கும். லேசாக நனைத்த துணியால் அந்த உப்பைத் துடைத்தெடுங்கள். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டு, மணிக்கட்டுப் பட்டையைத் திறந்து, காற்று உள்ளே போகும்படி கொடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். நிழலில்தான். முக்கி ஊறவைத்தால் உள்ளே இருக்கும் பஞ்சு காய நாளாகும், காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.

ஜூன் 4, மாலை

"அப்படியானால் கிளவுஸைத் துவைக்கவே முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் உள்கிளவுஸ் இருக்கிறது. பருத்தியில் மெல்லியதாக வரும். வியர்வையை அது குடித்துக்கொள்ளும், அதைத் தினமும் துவைக்கலாம். குத்துச்சண்டை கிளவுஸுக்கும் இதே கதை: கையில் சுற்றும் துணிப்பட்டையைத் தவறாமல் துவைத்தால் கிளவுஸ் நாறுவது வெகுவாகக் குறையும்.

ஜூன் 5

ஷூ. இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

மெஷினில் ஷூவைப் போட்டால் வெளியே எடுக்கும்போது பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் ஓடும் ஷூவின் அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு பிடித்துவைத்திருப்பது பசை. வெந்நீர், நீண்ட ஊறல், டிரம்மில் உருட்டல், மூன்றும் சேர்ந்து அந்தப் பசையைத் தளர்த்தும். நடுவில் மெத்தென்று இருக்கும் பகுதி பெரும்பாலும் ஈவிஏ என்ற நுரைப்பொருள். சூடு பட்டால் அது சுருங்கிவிடும். வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் ஷூவைப் போட்டுவைத்து, பிறகு கால் நுழையவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷூ உண்மையிலேயே சின்னதாகியிருக்கும்.

நான் செய்வது: மண் ஈரமாக இருக்கும்போது தேய்ப்பதில்லை. காயவிட்டு, இரண்டு ஷூவையும் அடியோடு அடி தட்டினால் பெரும்பகுதி தானாக உதிரும். மிச்சத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுக்கலாம். கயிற்றை உருவி, இன்சோலை வெளியே எடுத்து, இரண்டையும் தனியாகச் சோப்புத் தண்ணீரில் அலசுவேன். மேல்பாகத்தை நனைத்த துணியால் துடைப்பேன். அப்புறம் செய்தித்தாளைக் கசக்கி, விரல் நுனிப் பக்கம் வரை திணிப்பேன். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும், இதைத்தான் பலரும் செய்வதில்லை. நனைந்த தாளை ராத்திரி முழுக்க உள்ளே விட்டுவைத்தால் ஷூவை நாமே ஈரமாக வைத்திருக்கிறோம் என்று ஆகிவிடும்.

ஸ்பைக்ஸ் ஷூவாக இருந்தால் கழற்றி மாட்டும் ஆணிகளை அவ்வப்போது கழற்றித் துடைத்து, மரையில் துளி எண்ணெய் விட்டு மாட்டுங்கள். துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் அடிப்பாகத்தையே உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஜூன் 5, இரவு

மலையேற்ற ஷூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல ஷூ என்று பத்திரமாகப் பெட்டியில் வைத்து, சில வருடம் கழித்து எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தால், அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். போலிச் சரக்கு என்று பலரும் திட்டுவார்கள். காரணம் வேறு. சில ஷூக்களில் நடுப்பாகம் பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். ஈரப்பதமும் வெப்பமும் கூடினால் வேகம் கூடும். மூடிய அட்டைப் பெட்டிக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் ஷூ இப்படித்தான் போகிறது. ஈவிஏவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே நீண்ட நடைக்குக் கிளம்பும் முன், பரணிலிருந்து எடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி நன்றாக நடந்து பாருங்கள். உதிர்வதானால் வாசலிலேயே உதிரட்டும்.

ஜூன் 7

"நிழலில்தான்" என்று எழுதியதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடாதீர்கள். உள்கிளவுஸ், காலுறை, துண்டு, ஹெல்மெட்டிலிருந்து கழன்று வரும் துணி மெத்தை, இவற்றுக்கு வெயில் நல்லது. வெயிலின் புற ஊதாக் கதிர் கிருமியையும் குறைக்கும். தோல், ரப்பர், பசை, நுரை, நைலான் இருக்கும் எதையும் வெயிலில் விடாதீர்கள். யோகா பாய் இயற்கை ரப்பரானால் வெயிலில் வெடித்துப் பொடியும், அதுவும் நிழலுக்கே.

ஜூன் 8

பேட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய் நிறையப் போட்டால் நீண்ட நாள் உழைக்குமா? உழைக்காது. வில்லோ மரத்தில் எண்ணெய் தேவைக்கு மேல் இறங்கினால் பேட் கனக்கும், அடி செத்துப்போகும். பச்சை, அதாவது காய்ச்சாத, ஆளி விதை எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். மெல்லிய துணியில் எடுத்து முகப்பு, விளிம்பு, கீழ்நுனி, பின்புறம் என்று தடவுங்கள். கைப்பிடியும் மரமும் சேரும் ஆப்பு போன்ற இணைப்பில் படக்கூடாது, அங்கே பசை இருக்கிறது. ஸ்டிக்கர் மேலும் வேண்டாம். தடவியபின் பேட்டைப் படுக்கவையுங்கள். சாய்த்து நிறுத்தினால் எண்ணெய் எல்லாம் நுனிக்கு இறங்கும். ஒரு நாள் விட்டுப் பார்த்து, மரம் உலர்ந்து தெரிந்தால் மட்டும் அடுத்த பூச்சு. முகப்பில் ஒளிபுகும் தாள் ஒட்டியிருந்தால் அங்கே எண்ணெய் தேவையில்லை, திறந்திருக்கும் பகுதிக்கு மட்டும் போடுங்கள்.

கீழ்நுனியைத் தனியாகக் கவனியுங்கள். பந்து வருவதற்காகக் காத்திருக்கும்போது நாம் தரையில் தட்டிக்கொண்டே நிற்போமே, ஈரத் தரையாக இருந்தால் தண்ணீர் நுனி வழியாக மேலே ஏறும். நுனி உப்பும், அடுத்த யார்க்கரில் பிளக்கும். ரப்பர் நுனிக் காப்பு ஒட்டியிருந்தாலும் ஆட்டம் முடிந்ததும் துடைக்க வேண்டும்.

ஆடாத மாதங்களில் அறைக்குள், சூடு அதிகம் ஏறாத சுவரோரம் வையுங்கள். கார் டிக்கி வேண்டவே வேண்டாம். மரம் வறண்டுபோனால் விரிசல் வரும்.

ஜூன் 8, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள், விளையாட்டான விஷயம் இல்லை. ஆளி விதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்துதான் உலர்கிறது, அப்போது சூடு உண்டாகிறது. எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் பற்றவைக்காமலேயே தீப்பிடிக்கலாம். காய்ச்சியது என்று விற்கும் எண்ணெயில் உலர்த்தும் பொருள் சேர்ந்திருப்பதால் அபாயம் இன்னும் அதிகம். பேட்டுக்கு அது வேண்டாம், பச்சையே போதும். எதுவானாலும் துணியை ஒற்றையாக விரித்து வெளியே விறைக்கும்வரை காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் முக்கி வையுங்கள். அதற்கப்புறம் எறியலாம்.

ஜூன் 10

ஜெர்சி துவைத்த பிறகும் நாறுவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் சோப்பின் குறையாக இருக்காது. 2014-ல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரைச் சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்கள் போட்டிருந்த பருத்திச் சட்டையையும் பாலியெஸ்டர் சட்டையையும் ஒப்பிட்டார்கள். பாலியெஸ்டர்தான் மோசமாக நாறியது. வாடையைக் கிளப்பும் மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியா செயற்கை இழையில் நன்றாக வளர்கிறது.

ஈரத்தோடு கூடையில் போடாமல் வந்ததும் ஒரு அலசு அலசி விரியுங்கள். உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது இழை மேல் படிந்து வியர்வையை உறிஞ்சவும் விடாது, வாடையையும் பிடித்துவைக்கும். வெள்ளை வினிகர் கொஞ்சம் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்துத் துவைத்தால் நல்ல மாற்றம் தெரியும். வினிகரையும் குளோரின் ப்ளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். நீட்சி இழை உள்ள உடைகளுக்குக் குளோரின் ப்ளீச் தனியாகக்கூட ஆகாது. நீச்சல் உடை குளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசச் சொல்வதும் குளத்துக் குளோரின் காரணமாகத்தான். முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள்.

இன்னொருவர் ஷூவை ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்று எழுதியிருக்கிறார். வீட்டு ஃப்ரீசரின் குளிரில் பெரும்பாலான பாக்டீரியா உறங்கும், சாகாது. வெளியே எடுத்துக் கால் பட்டதும் எழுந்துவிடும்.

ஜூன் 11

நீச்சல் கண்ணாடி: உட்பக்கத்தை விரலால் தேய்க்காதீர்கள். பனி படியாமல் தடுக்கும் பூச்சு போய்விடும். நல்ல தண்ணீரில் ஆட்டி எடுத்து அப்படியே காயவிடுங்கள்.

ஜூன் 13

ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே வெள்ளையாகத் தெரியும் தெர்மோகோல்தான் தலையைக் காப்பாற்றுகிறது, வெளியே இருக்கும் ஓடு அதற்கு உறை. வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, மெல்லிய துணி, இதற்கு மேல் எதுவும் வேண்டாம். பெட்ரோல், தின்னர், கறை நீக்கி எதுவும் அருகில் வரக்கூடாது. கொசு விரட்டித் திரவம் தடவிய கையோடும் தொடாதீர்கள், அதில் உள்ள டீட் என்ற பொருள் சில வகை பிளாஸ்டிக்கைக் கரைக்கும். குளிர்கண்ணாடிக்கும் கைக்கடிகாரக் கண்ணாடிக்கும் கூட இது பொருந்தும்.

இந்தத் தெர்மோகோல் ஒருமுறை நசுங்கி அதிர்ச்சியைத் தாங்கியதோடு அதன் வேலை முடிந்தது. தலை தரையில் மோதிய ஹெல்மெட்டைத் துடைத்து எடுத்து வைக்காதீர்கள், வெளியில் கீறலே இல்லாவிட்டாலும். வாரை வெட்டிவிட்டு எறியுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜூன் 14

ராக்கெட்டில் ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால் மற்றதை அப்படியே விட்டு உறையில் போட்டுவைக்கக் கூடாது. ஒரு பக்கம் இழுவை போய் மறுபக்கம் இருப்பதால் சட்டம் கோணிக்கொள்ளும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, இருபுறமும் சமமாக மற்ற ஸ்ட்ரிங்குகளையும் வெட்டிவிடுங்கள். பிறகு நிதானமாகப் புதிது போட்டுக்கொள்ளலாம்.

இறகு ஷட்டிலுக்கு மட்டும் நான் இதுவரை சொன்னது தலைகீழ். அதற்கு வறட்சிதான் ஆகாது. அதன் 16 இறகுகளும் காய்ந்துபோனால் இரண்டு அடியில் முறியும். குழாயின் இரு மூடியையும் திறந்து, கொதிக்கும் கெண்டி ஆவியில் சில நொடி காட்டி, மூடிவைத்து மறுநாள் ஆடிப் பாருங்கள், முறிவது குறையும். ஏசி ஓடும் அறையில் திறந்து வைக்காதீர்கள்.

புட்பாலில் ஊசியை உலர்ந்தபடி குத்தினால் வால்வு கிழியும். ஊசியில் துளி கிளிசரின் தடவுங்கள். விதிப்படி காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம். பல நாள் ஆடப்போவதில்லை என்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவையுங்கள். முழுக்க இறக்கினால் மடிந்த இடத்தில் தடம் விழும்.

ஜூன் 17

டென்ட் எல்லாவற்றையும்விடச் சுலபம் என்று நினைத்திருந்தேன், எழுத உட்கார்ந்தால் நீள்கிறது. வெளியே இருந்து பார்த்தால் காய்ந்திருக்கும். தையல் ஓரத்தையும், கம்பி நுழையும் துணிக்குழாயையும், தரை விரிப்பின் அடியையும் தொட்டுப் பாருங்கள், அங்கே ஈரம் இருக்கும். அதோடு மடித்துவைத்தால் முதலில் கரும்புள்ளி பூசணம் வரும். பிறகு உட்புறத்துப் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு புளித்த வாடை வரும். மலையேற்ற ஷூவில் நடந்த அதே சிதைவுதான் இங்கேயும். பிசுபிசுப்பு பரவிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் மாடியிலோ அறையிலோ விரித்துவிடுங்கள். வெறும் தண்ணீரும் ஸ்பஞ்சும் போதும், துணி சோப்புத்தூள் நீர்புகாப் பூச்சைக் கெடுக்கும். ஜிப் பல்லில் இருக்கும் மணலைப் பிரஷால் எடுங்கள், ஜிப் கெடுவது பெரும்பாலும் அந்த மணலால்தான். கூடவே வந்த இறுக்கமான பைக்குள் மறுபடி திணிக்காமல், பெரிய பருத்தித் தலையணை உறைக்குள் தளர்வாக வையுங்கள். ஸ்லீப்பிங் பேக்கும் அப்படியே. அழுத்தியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் இறகு பழையபடி உப்பாது, உப்பாவிட்டால் குளிர் தாங்காது.

ஜூன் 19

"பெட்டிகளை ஏற்கெனவே வாங்கிவிட்டேன், இப்போது என்ன செய்ய?" நல்லதாயிற்று, வேலை இருக்கிறது. ஸ்டம்ப், பம்ப், டென்ட் ஆணி, கம்பி, உதிரி ஸ்ட்ரிங், டேப் போன்று ஈரம் குடிக்காத சாமானுக்கு மூடி போட்ட பெட்டி சரியானது. கிளவுஸ், காலில் கட்டும் பேடு, ஷூ, பை எல்லாம் திறந்த அலமாரியில் அல்லது வலைப்பையில்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடலாம். ஈரம் குடித்ததும் நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாக மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் கைபடும் இடத்துக்கு அது வேண்டாம். நனைந்த சாமானைக் காயவைக்க இது உதவாது. காய்ந்ததைக் காய்ந்தபடி வைத்திருக்க மட்டும்தான்.

பாறையேறும் கயிறு வைத்திருக்கிறவர்களுக்கு: பேட்டரி இருக்கும் இடத்தில், கார் டிக்கியிலும்கூட, கயிற்றை வைக்காதீர்கள். அமிலம் பட்ட நைலான் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலேயே வலுவிழந்துவிடும். பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அந்தக் கயிற்றை வெட்டிப் போட்டுவிடுங்கள்.

ஜூன் 20

தலைவிளக்கு எரியவில்லை, உள்ளே வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது என்று படம் போட்டிருந்தீர்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. அது காரம், வெறும் கையால் சுரண்டாதீர்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டு பேட்டரியை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டு அந்தப் பொருக்கின் மேல் வையுங்கள். லேசாக நுரைத்து இளகும். துடைத்து, சுத்தமான ஈரப் பஞ்சால் இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் பச்சை பிடித்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் ஒரு தேய். உலோகம் அரித்துப்போகாமல் இருந்தால் எரியும்.